வகுப்பு முழுவதும் கமக்காரர்

பிள்ளைகளே, உங்கள் அக்கா ஒரு கிழமை முழுக்க ஜேர்மன் வகுப்புக்குப் போகாமல் வீட்டில் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். காய்ச்சல் என்று சொன்னோம். காய்ச்சல் இல்லை. நடந்ததை அவளாக உங்களுக்குச் சொல்லமாட்டாள், அம்மாவும் சொல்லமாட்டா. நான் சொல்லாவிட்டால் பிறகு யாராவது வேறுவிதமாகச் சொல்வார்கள். நான் பத்தாம் வகுப்போடு வீடு கட்டுகிற மேசன் வேலைக்குப் போனவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

அந்த வகுப்பு எங்கள் வீட்டுக்கு என்னவென்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பாஷைச் சோதனையில் பாஸ் பண்ணினால் அக்காவுக்கு ஜேர்மனியில் தாதிப் படிப்பு, படிக்கும்போதே சம்பளம். பாஸ் பண்ணாவிட்டால் ஒன்றும் இல்லை. இங்கே இருந்துகொண்டு வேறு என்ன வழி என்று யோசித்து யோசித்து நானும் அம்மாவும் களைத்துப்போன பிறகுதான் அவளைச் சேர்த்தோம். யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கடைக்கு மேல் மாடி. படிப்பிக்கிறவர் ஜேர்மனியிலிருந்து வந்த ஒரு இளம்பெண், தமிழில் வணக்கம், நன்றி தவிர ஒரு சொல்லும் தெரியாது. வகுப்பை நடத்துகிறவர் யாழ்ப்பாணத்துத் தமிழர்தான், கனகாலம் அந்த நாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர். முன்னறையில் மேசை போட்டு இருப்பார்.

ஒருநாள் மிஸ் குடும்பப் பெயர்களைப் பற்றிப் படிப்பித்தாராம். அன்று இரவுச் சாப்பாட்டு நேரம் அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். முல்லர் என்றால் மா அரைக்கிற ஆலைக்காரர். ஷ்மிட் என்றால் கொல்லர். ஷ்னைடர் தையற்காரர், வேபர் நெசவாளர், பவுவர் வயல் செய்கிற கமக்காரர். அந்தக் காலத்தில் பாட்டன் பூட்டன் செய்த வேலை, பிறகு பேராக ஒட்டிக்கொண்டதாம். அப்பாவுக்கு என்ன பெயர் வரும் என்று நீங்கள் கேட்டீர்கள். மேசனுக்கு மௌரர் என்றாள். இரண்டு பேரும் அன்று முழுக்க என்னை மௌரர், மௌரர் என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தீர்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

அடுத்த வகுப்பில் மிஸ் அதையே ஒரு விளையாட்டாக வைத்தார். உங்கள் அப்பப்பா என்ன வேலை செய்தவர், எங்கள் நாட்டில் பிறந்திருந்தால் உங்கள் குடும்பத்துக்கு என்ன பெயர் வந்திருக்கும், ஒவ்வொருவராக எழும்பிச் சொல்லுங்கள் என்றாராம். முதலாவது பிள்ளை பவுவர் என்றது. அடுத்ததும் பவுவர். அதற்கடுத்ததும் அதுதான். குருநகர்ப் பெடியன் ஒருவன் மட்டும் தயங்காமல் ஃபிஷர், மீன்பிடி என்றானாம். மிஸ் கைதட்டினாராம். பிறகு திரும்பவும் வரிசையாகப் பவுவர். மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஊரில் எல்லோரும் கமக்காரர் என்றால் யார் வீடு கட்டினது, யார் தலைமயிர் வெட்டினது என்று கேட்டாராம். ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் உங்கள் அக்காவின் முறை வந்தது. என் அப்பப்பா பனையில் ஏறிக் கள்ளுச் சீவினவர் என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு ஜேர்மனில் சொல் தெரியாது. மரம், ஏறுவது, வெட்டுவது, குடிப்பது என்று தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாக வைத்துச் சொன்னாளாம். மிஸ்ஸுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. கரும்பலகையில் கீறிக் காட்டச் சொன்னார். இவளும் போய்ப் பனையைக் கீறி, அதன் உச்சி வட்டில் ஒரு ஆளைக் கீறி, கள்ளு முட்டியையும் கீறிவிட்டு நின்றாள். மிஸ் கனநேரம் யோசித்தாராம். எங்கள் நாட்டில் அந்த மரமே இல்லை, அதனால் உனக்குத் தர என்னிடம் பெயரும் இல்லை என்று கவலைப்பட்டாராம்.

அவ்வளவுதான் நடந்தது. இடைவேளைக்குப் பிறகு பக்கத்தில் இருக்கிற பிள்ளை தன் பையை எடுத்துக்கொண்டு முன்வரிசை வாங்குக்குப் போய்விட்டது. எங்கள் சண்டிலிப்பாயிலிருந்து ஒன்றாகப் பஸ்ஸில் போய் வருகிற பிள்ளை அது. சோற்றுப் பெட்டியைத் திறந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் சாப்பிடும். பின்னேரம் பஸ்ஸிலும் அது வேறு சீற்றில் இருந்ததாம்.

யாராவது ஏதாவது சொன்னார்களா என்று நான் கேட்டேன். சொல்லியிருந்தால் போய்ச் சண்டை பிடிக்கலாம் என்று எனக்கு ஒரு எண்ணம்.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை, அப்பா. அதுதான்," என்றாள்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. யாரில் கோபப்படுவது என்று தெரியாமல் அவளிலேயே கோபப்பட்டா. "எல்லாரும் கமம் எண்டால் நீயும் கமம் எண்டுபோட்டு இருந்திருக்கலாம்தானே. எங்கடை வளவிலையும் பயித்தங்கொடி நிக்குதுதானே," என்றா. சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதா.

அக்கா இனிப் போகமாட்டேன் என்றாள். நாலு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள் வேலைக்குப் போகாமல், உடுப்பு மாற்றிக்கொண்டு டவுனுக்குப் போனேன். என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளையை யாரும் ஒதுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கலாமா? ஒதுக்கினது யார் என்று கேட்டால் யாரைக் காட்டுவது? பை ஒரு வாங்கிலிருந்து இன்னொரு வாங்குக்குப் போனது ஒரு குற்றமா?

வகுப்பு நடத்துகிறவர் மரியாதையாகக் கதிரையைக் காட்டினார். "இருங்கோ, இருங்கோ. நீங்கள் எவடம்?" என்றார். சண்டிலிப்பாய் என்றேன்.

"சண்டிலிப்பாயிலை எவடம்?"

"சந்தியிலையிருந்து உள்ளுக்கை போகவேணும்."

"வாசிகசாலைக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?"

"அங்காலை."

"அப்ப குளத்தடிப் பக்கமே?"

"ஓம்."

இந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். வேறு என்ன சொல்வது? இருக்கிற இடத்தை இல்லை என்றா சொல்வது? அவர் கதிரையில் சாய்ந்து இருந்தார். பிறகு அவர் வாயில் 'நீங்கள்' வரவில்லை, 'நீர்'தான் வந்தது.

"ஓ, அந்தப் பிள்ளையின்ரை தேப்பனே? இதுக்கு ஏன் மினக்கெட்டு வந்தனீர்? இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் பாக்கிறேல்லை. உம்மடை பிள்ளை தானாத்தானே எழும்பிச் சொன்னது?"

அது உண்மை.

அந்த நேரம் மிஸ் உள்ளேயிருந்து வந்தார். அக்காவின் அப்பா என்று அறிந்ததும் முகமெல்லாம் சிரிப்பு. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏதோ நிறையச் சொன்னார். வகுப்பு நடத்துகிறவர் மொழிபெயர்த்தார்: "உம்மடை மகள்தான் அண்டைக்கு வகுப்பிலை வடிவாக் கதைச்சதாம். மிஸ்ஸின்ரை குடும்பப் பேர் ஆடு மேய்க்கிறவன் எண்ட அர்த்தமாம். அதைச் சொல்லத் தனக்கு ஒரு வெக்கமும் இல்லையாம். பிள்ளை வாறபோது அப்பப்பாவின்ரை படம் இருந்தால் கொண்டுவரட்டாம், சுவரிலை ஒட்டலாமாம்."

நல்ல பெண் அந்த மிஸ், பிள்ளைகளே. ஒரு கள்ளமும் இல்லை. அவவுக்கு நான் சொல்ல வேண்டியது என் வாய்வரை வந்தது. மிஸ், உங்கள் ஊரில் பேர் இருக்கிறது, தொழில் போய்விட்டது. தையற்காரர் என்ற பேரோடு ஒருவர் டொக்டராக இருப்பார், அவரிடம் யாரும் ஊசியைத் தேடமாட்டார்கள். எங்கள் பேரில் ஒன்றும் எழுதியில்லை. நான் மேசன். என் அப்பா செத்தும் கனகாலம். என்றாலும் வாசிகசாலைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் போதும். இப்படித்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் அதை அந்தப் பெண்ணுக்கு விளங்கப்படுத்த ஒரு ஆள் வேண்டும். அங்கே இருந்த ஆள் அவர் ஒருவர்தான். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் சொல்லப்போவதை மொழிபெயர்க்க.

நன்றி என்று மட்டும் சொன்னேன். அதை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. மிஸ் கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் மிஸ் உன்னைத் தேடுகிறா என்றேன். படத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை தானாகவே வெளிக்கிட்டு, பஸ்ஸை விட்டுச் சைக்கிளில் போனாள். பின்னேரம் வந்து சைக்கிளைச் சாத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அப்பப்பா பிறகு கமம்தான் செய்தவர் எண்டு மிஸ்ஸிட்டைச் சொல்லிப்போட்டன். என்ரை மேசையிலை பேர் எழுதி வைச்சிருக்கிறா, பவுவர் எண்டு."

நான் கோபப்படவில்லை. அவளுக்குச் சோதனை இருக்கிறது. சந்தோஷப்படவும் முடியவில்லை. "நல்லது பிள்ளை, சாப்பிடு," என்றேன். முன்வாங்குக்குப் போன பிள்ளை திரும்பி வந்ததா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஜேர்மனிக்குப் போனாலும் அங்கேயும் எங்கள் தமிழ் ஆட்கள் இருப்பார்கள், எவடம் என்று கேட்பார்கள். அப்போது நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். இருந்துதான் என்ன செய்தேன்?

மறுநாள் கொக்குவிலில் ஒரு வீட்டுப் பின்மதிலுக்குப் பூச்சு வேலை. கூட நின்றவர்கள் தேத்தண்ணிக்குப் போன நேரம் நான் மதிலடியில் இருந்து போனை எடுத்தேன். விரலில் சீமெந்து, தொட்டால் எழுத்து விழவில்லை. உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டுத் திரும்பத் தொட்டேன். மொழிபெயர்க்கிற இடத்தில் கள்ளுச் சீவுபவர் என்று தமிழில் எழுதினேன். கீழே ஜேர்மனில் நீளமாக ஒரு சொல் வந்தது. பக்கத்தில் இருந்த ஒலிபெருக்கிப் படத்தை அழுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்தேன். ஒரு பெண்குரல் அதைச் சொன்னது, கொல்லர், தையற்காரர் என்று சொல்வதுபோல, சாதாரணமாக. நானும் சொல்லிப் பார்த்தேன். பாதிக்கு மேல் வாயில் வரவில்லை. திரும்ப அழுத்தினேன்.