பைலி பெயரில் ஓடிய பேருந்துகள்

மாளாவிலிருந்து சாலக்குடிக்குப் போகும் 'ரீத்தாமோள்' பேருந்தில் திரேசியா இருபத்திரண்டு வருஷம் போய் வந்தாள். அதில் உட்கார்ந்து போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். காலை எட்டு இருபதுக்கு ஏறி, கம்பியைப் பிடித்து நின்றபடியே சாலக்குடி போய், ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மாலைவரை ஊரார் கையில் ஊசி குத்திவிட்டு, அதே வண்டியில் நின்றபடியே திரும்புவாள். அவள் கணவன் பைலி மாளாச் சந்தையில் கொப்பரை எடை போடுகிறவன். தராசு நிலைக்கு வருவதற்குள் மூன்று கதை சொல்லிவிடுவான். சரக்கு கொண்டுவந்தவர்கள் முள்ளைப் பார்ப்பதா, பைலியின் முகத்தைப் பார்ப்பதா என்று தவிப்பார்கள்.

ஒரு ஜூன் மாதக் காலையில் மழைக்கு நடுவே திரேசியா வண்டியிலிருந்து இறங்கினாள். அவள் இறங்கிவிட்டாள், குடை இறங்கவில்லை. அதன் வளைந்த பிடி கதவுக் கம்பியில் மாட்டிக்கொண்டது. குடையை விட மனமில்லாமல் அவள் நாலடி கூடவே ஓடினாள். ஐந்தாவது அடியில் கணுக்கால் மடங்கியது. வாசலில் நிற்கிற கிளீனர் கத்தி வண்டியை நிறுத்தினான். குடைக்கு ஒரு கீறல்கூட இல்லை. காலுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு.

சும்மா இருந்து பழக்கமில்லாதவள். மூன்று நாளில் வீட்டுச் சுவரில் இருந்த விரிசல்களெல்லாம் அத்துப்படி ஆகிவிட்டன. நாலாம் நாள், காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த வெள்ளை ஃபோம் பலகைத் துண்டு ஒன்றை எடுத்தாள். பக்கத்து விளம்பரப் பலகைக் கடைக்காரர் கழித்துப்போட்டது அது. பைலியின் சவரப் பிளேடால் அதில் ஒரு ஜன்னல் வெட்டினாள். ரீத்தாமோளின் ஜன்னல். அது அச்சு அசலாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். பக்கத்தில் இன்னொன்று வெட்டினாள். எட்டாவது ஜன்னல் வந்தபோது இது நிற்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் சாமான்கள் காணாமல் போக ஆரம்பித்தன. பைலியின் பழைய குடையின் கம்பிகள் ஜன்னல் கம்பிகளாயின. மாத்திரை அட்டையின் வெள்ளித் தாள் கண்ணாடியானது. பரிசோதனைக் கூடத்தில் காலாவதியாகித் தூக்கிப்போட வைத்திருந்த இரத்தம் படாத புதுக் குழாய்களின் சிவப்பு மூடிகளை அவளோடு வேலை செய்கிறவள் கொண்டுவந்து கொடுத்தாள். அவை பின்விளக்குகளாயின. ஒரு நாள் பைலி வேட்டியை இடுப்பில் பிடித்தபடி அறை அறையாகத் தேடினான்.

"எடி, என் ரெக்சின் பெல்ட் எங்க?"

"அதுல முப்பத்தாறு பேர் உக்காந்திருக்காங்க" என்றாள் திரேசியா.

குனிந்து பார்த்தான். பழுப்பு நிறத்தில் பதினெட்டு இரட்டை இருக்கைகள். பெண்கள் இருக்கையில் மட்டும் ரெக்சின் கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது.

"இதையாவது கிழியாம வெச்சிருக்கக் கூடாதா?"

"ரீத்தாமோள்ல கிழிஞ்சுதான இருக்கு?"

கேரளத்தில் இப்படிக் குட்டிப் பேருந்து, லாரி செய்கிற பைத்தியங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. கூட வேலை செய்கிறவள்தான் சொன்னாள். முகநூலில் 'குட்டி வண்டிக் கூட்டம்' என்று ஒரு குழு, அதில் நாலாயிரம் பேர். திரேசியாவிடம் இருந்தது பொத்தான் ஃபோன். ஆகவே பைலி குளிக்கப் போன சமயம் அவனுடைய ஃபோனில் படம் எடுத்து, அவனுடைய பெயரிலேயே குழுவில் போட்டுவிட்டு, கப்பைக் கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள்.

சாயங்காலம் பைலி ஃபோனோடு சமையலறைக்கு வந்தான். முகத்தில் கலவரம்.

"எடி, யாரோ ஒரு கூட்டம் என் கைக்கு முத்தம் குடுக்கணும்ங்குது. காசர்கோட்டுல ஒருத்தன் என்னை ஆசானேங்கறான். நான் என்ன செஞ்சேன்?"

"பஸ் செஞ்சீங்க."

விஷயத்தைச் சொன்னதும் அவன், "அப்ப உன் பேரைப் போடு, இது எதுக்கு எனக்கு?" என்றுதான் முதலில் சொன்னான். அதைச் சொல்லாமல் விட்டால் பைலிக்குச் செய்கிற அநியாயம். அவள்தான் வேண்டாமென்றாள்.

"உங்க ஃபோன்லயே பாத்தேன். போன மாசம் ஒரு பொண்ணு ஆட்டோ செஞ்சு போட்டிருந்தா. அழகா இருக்கு, அண்ணன் செஞ்சதான்னு கேட்டிருக்கானுங்க. எனக்கு எதுக்கு அந்தத் தொல்லை? வண்டியப் பாத்தாப் போதும்."

கட்டுப் பிரித்து வேலைக்குப் போன பிறகும் பழக்கம் விடவில்லை. இரண்டு வருஷத்தில் ஆறு பேருந்துகள் பைலி பெயரில் வெளிவந்தன. ஒவ்வொன்றுக்கும் குவிந்த பாராட்டைப் பைலி கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாக வாசிப்பான், திரேசியா துணி மடித்தபடி கேட்பாள். கொஞ்ச நாளில் ஒரு மாற்றம். வாசிக்கும்போது 'உன் வண்டி' என்று சொல்லிக்கொண்டிருந்தவன், 'நம்ம வண்டி' என்றான். பிறகு அந்த 'நம்ம'வும் எங்கோ இறங்கிக்கொண்டது. பதில் எழுதவும் ஆரம்பித்தான். கண்ணூரில் ஒருவர் கூரையை ஒட்ட எந்தப் பசை நல்லது என்று கேட்டார். 'பச்சரிசிக் கஞ்சி. அப்பன் காலத்துக் கைமுறை' என்று பைலி எழுதினான். மூன்று பேர் நம்பிச் செய்தார்கள். அதில் ஒருவருடைய லாரியை எறும்பு தின்றுவிட்டது.

திரேசியா கொதித்துப்போனாள். "நான் கஞ்சி வெச்சா ஒட்டினேன்?"

"நாலாயிரம் பேரு பாத்துட்டிருக்கறப்ப தெரியலன்னு எப்பிடிடி சொல்றது?"

அந்த வருஷக் கூட்டம் இரிஞ்ஞாலக்குடையில் ஒரு மாதா கோயில் மண்டபத்தில் நடப்பதாக அறிவிப்பு வந்தது. குழுவை நடத்துகிறவர் ஹம்சக்கோயா, திரூரில் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். அறிவிப்பின் கடைசி வரியில் 'பைலி சேட்டனின் செய்முறை வகுப்பு, அரை மணி நேரம்' என்று இருந்தது. ஹம்சக்கோயா கேட்டதுமே பைலி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படமும், கூடவே ஒரு தாமரைப் பூவும் அனுப்பியிருக்கிறான்.

"நீங்க ஒத்துக்கிட்டீங்க, நீங்களே போய் எடுங்க" என்றாள் திரேசியா.

பைலி ஒரு வாரம் பயிற்சி செய்தான். அவன் வெட்டிய நேர்கோடு அந்திக்காட்டு ரோடு மாதிரி வளைந்து வளைந்து போயிற்று. மூன்று விரல்களில் பிளாஸ்திரி ஏறியது. நாலாவது விரலுக்குப் பிளாஸ்திரி சுற்றும்போது திரேசியாவுக்கு மனசு இளகியது. ஒரு ஏற்பாடு செய்தார்கள். பைலி பேசுவான். உதவிக்கு வந்த சம்சாரமாக அவள் பக்கத்தில் நின்று, ஏற்கெனவே வெட்டிவைத்த துண்டுகளை எடுத்துக் கொடுப்பாள். கத்தி தேவைப்படுமுன் அரை மணி முடிந்துவிடும்.

மண்டபத்தில் நீள மேஜைகளில் நூற்றுக்கு மேல் வண்டிகள். பெரிய மனிதர்கள் தரையில் மல்லாந்து படுத்து, ஃபோன் வெளிச்சத்தில் குட்டி வண்டிகளின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பல் டாக்டர் மண் தோண்டும் இயந்திரம் கொண்டுவந்திருந்தார், அது நிஜமாகவே கொஞ்சம் மண் தோண்டியது. ஒரு போலீஸ்காரர் தன் மீன் வண்டியின் ஐஸ் பெட்டியைத் திறந்து, "மோந்து பாருங்க, மோந்து பாருங்க" என்று எல்லார் மூக்கருகிலும் நீட்டினார். அதற்காக உள்ளே ஒரு நெத்திலிக் கருவாடு வைத்திருந்தார். மனைவிமார் கடைசி வரிசையில் சோற்றுப் பாத்திரங்களுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார்கள்.

பைலி மேடையேறினான். சொல்ல வேண்டுமா? இருபத்தைந்து நிமிஷம் மண்டபத்தைக் கையில் வைத்திருந்தான். ஒரு பேருந்துக்கு ஆத்மா எங்கே இருக்கிறது என்று கேட்டான். கண்டக்டர் இழுக்கும் மணிக் கயிற்றில் என்று அவனே பதில் சொன்னான். விசில் பறந்தது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முடிக்கப் போகையில் முன்வரிசையிலிருந்து லோனப்பன் எழுந்தார். நாற்பது வருஷம் பேருந்துக்குக் கூண்டு கட்டிய தச்சர்.

"பிரசங்கம் நல்லாருந்துச்சு சேட்டா. இப்ப ஒரு ஜன்னல் வெட்டிக் காட்டுங்க."

பைலி சிரித்தபடி கத்தியை எடுத்தான். கூர் மேலே பார்த்திருந்தது. திரேசியா காலால் இடித்தாள். திருப்பிப் பிடித்து வெட்டினான். ஃபோம் பலகையோடு மேஜை விரிப்பும் ஒரு முழம் கிழிந்தது.

"கத்தி புதுசு" என்றான்.

"இருக்கட்டும். உங்க மூணாவது வண்டியில கடைசி சீட்டுக்கும் பின் படிக்கும் நடுவுல எவ்வளவு விட்டீங்க? நான் கட்டின எதுலயும் அவ்ளோ விட்டதில்லயே."

"அதெல்லாம் ஒரு கண்ணளவுதான் லோனப்பேட்டா."

"பதினோரு மில்லிமீட்டர்" என்றாள் திரேசியா. சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள், வாய் முந்திக்கொண்டது. "மீன்கூடைக்காரி அங்கதான் கூடைய வெச்சுட்டு நிப்பா. குறைச்சா அவ எங்க போவா?"

மண்டபமே அவள் பக்கம் திரும்பியது. அதைச் சமாளிக்கப் பைலி மறுபடி கத்தியை ஓங்கினான். இம்முறை அது நேராக அவன் கட்டைவிரலைப் பார்த்து வந்தது. திரேசியா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். வேலைப் பழக்கம். "பயப்படாதீங்க, மூச்சை இழுத்து விடுங்க" என்றும் சொல்லிவிட்டாள். பைலி மூச்சை இழுத்து விட்டான். கத்தி கை மாறியது.

பென்சில் கோடு இல்லை, அளவுகோல் இல்லை. நாலு நிமிஷத்தில் கம்பிகளோடு ஒரு ஜன்னல் மேஜைமேல் நின்றது. லோனப்பன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பக்கத்து ஆளிடம் கொடுத்தார். அது வரிசை வரிசையாகக் கை மாறிக் கடைசி வரிசைவரை போனது. சோற்றுக்குக் காவலிருந்த பெண்கள் எழுந்து முன்னால் வந்தார்கள்.

ஹம்சக்கோயா தொண்டையைச் செருமினார். "அப்ப... பைலி சேட்டன் யாரு?"

பைலி துண்டால் முகத்தைத் துடைத்தான். "ஃபோன் என்னுது" என்றான்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. அதற்குள் நடுவிலிருந்து ஒரு ஒல்லியான மனிதர் எழுந்து, "அந்தக் கஞ்சி?" என்று கேட்டார். லாரியை எறும்புக்குக் கொடுத்தவர் அவர்தான்.

"அதுவும் என்னுது" என்றான் பைலி.

அதற்குப் பிறகு யாரும் அவனைக் கவனிக்கவில்லை. எல்லாரும் திரேசியாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் பயந்ததுபோல யாரும் அண்ணன் செய்ததா என்று கேட்கவில்லை. சேறு தடுக்கும் ரப்பரை எதில் வெட்டினாள், கைப்பிடிக் கம்பியின் தேய்ந்த பளபளப்பு எப்படி வந்தது என்று கேட்டார்கள். இரண்டு வருஷமாக இன்னொருவர் வாயால் கேட்டுக்கொண்டிருந்த பாராட்டு இப்போது நேரே முகத்தில் வந்து மோதியதில் அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

"யாரு சேச்சி கத்துக்குடுத்தது?" என்று பல் டாக்டர் கேட்டார்.

"யாரும் இல்ல. உக்காந்து போறவங்க ஜன்னலுக்கு வெளியே பாப்பாங்க. நிக்கறவளுக்குப் பாக்கறதுக்கு வண்டிதான இருக்கு?"

மீன் குழம்பு ஆறும்வரை பேசினாள்.

ஆனால் சட்டம் பேசுகிறவர்கள் எங்கும் உண்டு. சொந்தக் கையால் செய்ததைத்தான் சொந்தப் பெயரில் போடலாம் என்பது குழுவின் முதல் விதி என்று போலீஸ்காரர் நினைவுபடுத்தினார். சாப்பாட்டுக்குப் பின் ஹம்சக்கோயா நாலு பேரோடு வராந்தாவில் நின்று ஆலோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். ஆறு வண்டிகளும் திரேசியா பெயருக்கு மாறும். பைலி சொந்தமாக ஒன்று செய்து காட்டும்வரை குழுவுக்கு வெளியே.

"என் குடை! என் பெல்ட்! என் பிளேடு!" என்று பைலி கத்தினான்.

"அப்ப சாமான் கடைக்காரர் சங்கத்துல போய்ச் சேரு" என்றார் லோனப்பன்.

திரும்பும் வழியில் பேருந்தில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவன் அரை மணி நேரம் வாய் மூடி இருந்ததை அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள்.

"விரல் வலிக்குதா?"

"நாலாயிரம் பேருடி" என்றான் பைலி. "ஒரே மத்தியானத்துல போயிட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, பையிலிருந்து மிச்சமிருந்த ஒரு அச்சப்பத்தை எடுத்துக் கொடுத்தாள். அவன் முழுதும் தின்றான்.

அந்த மாசமே திரேசியா தனக்கென்று ஒரு ஃபோன் வாங்கிக்கொண்டாள். புதிதாகச் சேருகிறவர்களின் முதல் வண்டியைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை ஹம்சக்கோயா அவளிடம் கொடுத்தார். பைலி நாற்பது நாள் கொப்பரைக் குடோனின் மூலையில் உட்கார்ந்து, யாருக்கும் காட்டாமல், ஒரு தேங்காய் லாரி செய்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படம் எடுத்தான். விண்ணப்பத்தோடு அனுப்பினான். குழுவில் அது வந்ததும், 'ஃப்ரிட்ஜா சேட்டா?' என்று ஒருவர் கேட்டார். 'நல்ல முயற்சி, முன்பக்கம் எது?' என்று இன்னொருவர். அவற்றுக்குக் கீழே திரேசியாவின் குறிப்பு: 'நாலு சக்கரத்தில் மூன்றுதான் தரையில் படுகிறது. சரி செய்து மீண்டும் அனுப்பவும்.'

பைலி ஃபோனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தான்.

"எடி, நான் பக்கத்து ரூம்லதானடி இருந்தேன்! வாயத் திறந்து சொல்லக் கூடாதா?"

"எல்லாருக்கும் எழுதித்தான் சொல்றேன்."

"புருஷன்னு ஒரு கரிசனம்?"

"கரிசனம் இருந்ததாலதான் கதவு திறக்காதத எழுதல" என்றாள் அவள், குழம்பைக் கிண்டியபடி.

பைலி லாரியின் கதவைத் திறந்து பார்த்தான். நிஜமாகவே திறக்கவில்லை. இரண்டாம் தடவை கதவு திறந்தது, ஆனால் கூடவே பக்கச் சுவரும் வந்துவிட்டது. மூன்றாம் தடவை திரேசியா தரையில் கவிழ்ந்து படுத்து, நாலு சக்கரத்தின் அடியிலும் ஒரு தாளை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்து, 'சேர்க்கலாம்' என்று எழுதினாள்.

அந்த லாரியைப் பைலி சந்தைக்குக் கொண்டுபோய், தராசுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு விரித்து நிறுத்தினான். தொட வந்தவர்களையெல்லாம், "கண்ணால பாருங்கப்பா, கையால பாக்காதீங்க" என்று விரட்டிக்கொண்டே எடை போட்டான்.