உழைக்கிறவர் வரும் வரை

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். எண்பதுகளில் ஒரு வருஷம், நியூசிலாந்துக்காரர் ஒருவர் அவரைத் தன் பாய்மரப் படகுக்குச் சமைக்கக் கூட்டிப் போனார். பனிக்கடலுக்குப் பக்கத்தில் உள்ள தீவுகளைச் சுற்றி மூன்று பேர் சாகசப் பயணமாகச் சின்னத் துடுப்புப் படகுகளில் போனார்கள். அவர்கள் பின்னாலேயே போய், சூடாகச் சாப்பாடும் காய்ந்த துணியும் கொடுப்பதுதான் பாய்மரப் படகில் இருந்தவர்களின் வேலை.

குற்றாலத்தில் சாரல் விழுகிற நாளில் தென்காசிக்குத் திரும்பி வந்தார். ஆள் இளைத்திருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"காத்து அடிச்சதுல மூணு பேரும் ஒரு தீவுல ஒதுங்கிட்டாங்க. ரெண்டு நாளா வரலை. உழைக்கவங்க சாப்பிடாம நாம எப்படிட்டி திங்கது? பட்டினி கெடந்து அடுப்பு முன்னால மயங்கி விழுந்துட்டேன்."

"படகுக்காரரு ஒண்ணும் சொல்லலியா?"

"ஏலே கிறுக்கா, அவங்க ஒரு வாரச் சாப்பாட்டோடல்லா போயிருக்காங்க, நீதானலே கட்டிக் குடுத்தேன்னு ஏசுனாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் அவர் சாப்பிடாமல் நானும் ஒருநாள்கூடச் சாப்பிட்டதில்லை.

மழை ஓய்ந்ததும் அந்தப் படகுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது.

"மறுபடியும் கூப்பிடுதாங்க. போகட்டா?" என்றார்.

போக வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அவரிடம் எதையும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. "அங்கன வேளைக்குச் சாப்பிடுங்க" என்றுதான் வாயில் வந்தது.

அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். நான் ஈரத்துணியால் அதைத் துடைத்துக் கொடுத்தேன்.