தண்ணீர் வராத கழிப்பறை

அருங்காட்சியகத்தின் மூன்றாவது அறைக்குக் காவலிருந்தவளுக்கு மனிதர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்ததே இல்லை. கூட்டிப் பெருக்கத் தற்காலிகமாக வந்து, ஒன்பது வருடம் அலைந்து நிரந்தரமாகி, சாவிக்கொத்தை வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். வருகிறவர்கள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று தலையைச் சரிசெய்துகொண்டு போவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கமாட்டார்கள்.

உள்ளே இருந்தவை பதினோரு காகிதங்கள். எந்தக் காலத்திலோ ஒரு மாலுமி கையால் வரைந்த கடற்கரை வரைபடங்கள். அவற்றின் எழுத்து அவளுக்குப் படிக்க வராது. எந்தத் தாளின் எந்த மூலையைப் பூச்சி அரித்திருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

“ஊரு உலகம் தங்கத்தைப் பூட்டி வெச்சுக்கிட்டு முழிச்சிருக்கும். நீ பேப்பருக்கு முழிச்சிருக்க” என்பார் தையற்காரரான அவள் கணவர்.

“நீங்க தச்ச ஜாக்கெட்டுக்கு முழிச்சிருக்கணுமாக்கும்? மூணு தடவ தோச்சாப் பல்லிளிக்குது.”

அந்த அறையின் கூரை ஒழுகும். மழைக்காலம் முழுக்கப் பெட்டிகளை இழுத்து இழுத்து வைப்பதே அவள் வேலை. நான்கு வருடத்தில் ஆறு மனு கொடுத்தாள். காப்பாட்சியர் ஆறையும் ஒரே கோப்பில் அழகாகக் கட்டி வைத்தார். கட்டுவதில் கெட்டிக்காரர். யாராவது வரைபடங்களைப் பற்றிக் கேட்டால் “ரொம்பப் பழசு” என்பார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் வேண்டாம்.

அப்போதுதான் பண்பாட்டுச் சுற்றுலாவை வளர்க்க அரசாங்கம் அருங்காட்சியகங்களுக்கு நிதி கொடுத்தது. கட்டடம் நல்ல நிலையில் இருந்தால்தான் கிடைக்கும். அதையும் பயணிகளுக்கான வசதிகளுக்குத்தான் செலவழிக்கலாம். எங்கும் ஒழுக்கு இல்லை என்று காப்பாட்சியர் கையெழுத்துப் போட்டார். நிதி வந்தது. எட்டுப் பேருந்துகள் நிற்க இடம் கட்டினார்கள். ஒரே ஒரு பேருந்து வந்தது, அதுவும் வழி தவறி. பின்பக்கம் பளபளக்கும் ஓடு பதித்து ஒரு கழிப்பறை எழும்பியது. தண்ணீர் இணைப்பு மட்டும் வரவில்லை. அது வேறு இலாகாவாம். திறப்பு விழாவுக்கு முன் யாரும் உள்ளே போய்விடக் கூடாதென்று காப்பாட்சியர் சாவியை அவளிடம் கொடுத்து வைத்தார்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு மழை பிடித்துக்கொண்டது. இந்த முறை பெட்டிகளை இழுத்து வைக்க ஒரு மூலைகூட மிஞ்சவில்லை.

“சார், எல்லாப் பக்கமும் சொட்டுது. அதுல ஒரு தாளு நனைஞ்சாலும் போச்சு.”

“ஒழுகலைன்னு எழுதிக் குடுத்திருக்கேம்மா.”

“மழைக்கு அது தெரியாதே சார்.”

“பிளாஸ்டிக்கைப் போட்டு மூடு. விழா முடியட்டும்.”

அவள் மூடினாள். பத்து நிமிடத்தில் பிளாஸ்டிக்கின் குழிவில் குளம் தேங்கியது. அந்தக் கட்டடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் எட்டிப் பார்க்காத அறை ஒன்றுதான் இருந்தது. சாயங்காலம் எல்லோரும் போனபிறகு பதினோரு தாள்களையும் வெள்ளைத் துணியில் பொதிந்து, ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கழிப்பறையின் கை கழுவும் மேடையில் பரப்பிப் பூட்டினாள். பெயர்ச்சீட்டுகளைப் பெட்டிகளிலேயே விட்டுவிட்டாள்.

விழாவன்று மழை விட்டிருந்தது. பெரிய அதிகாரி பரிவாரத்தோடு மூன்றாவது அறை வழியாக நடந்தார். ஒரு காலிப் பெட்டிக்கு முன்னால் நின்று சீட்டை வாசித்தார்.

“அற்புதம்” என்றார்.

“ரொம்பப் பழசு சார்” என்றார் காப்பாட்சியர்.

பின்பக்கம் போய் நாடாவை வெட்டினார்கள். கைதட்டினார்கள். கதவைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சாப்பாடு தயார் என்று யாரோ சொன்னதும் கலைந்து போனார்கள்.

மறுநாள், நிறைவு அறிக்கைக்கு உட்புறப் படம் வேண்டுமென்று காப்பாட்சியர் சாவியை வாங்கிப்போனார். போன வேகத்தில் திரும்பினார்.

“யாரைக் கேட்டு அங்க கொண்டுபோய் வெச்ச? மூளை கீளை இருக்கா உனக்கு?”

“திருப்பிக் கொண்டாந்துடறேன் சார். எழுதிக் குடுங்க.”

“என்னன்னு?”

“கூரை ஒழுகுனதால கொண்டுபோனோம், ஒழுகுற அறைக்கே திருப்பி வைக்கிறோம்னு. கீழ உங்க கையெழுத்து.”

அவர் அவளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். சாவியை மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

மறுவாரம் தண்ணீர் இணைப்புக் கொடுக்க ஆட்கள் குழாயோடு வந்து நின்றார்கள். அவள் எழுந்திருப்பதற்குள் காப்பாட்சியரே வாசலுக்கு ஓடினார். இப்போதைக்கு வேண்டாம், எழுதி அனுப்புகிறேன் என்று கெஞ்சாத குறையாகத் திருப்பி அனுப்பினார். இத்தனை வருடத்தில் அந்த வரைபடங்களுக்கு அவர் செய்த ஒரே நல்ல காரியம் அது.

நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவர் கடந்து போகையில் அவள் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டாள்.