பிள்ளையார் மேசை

சூதாடுகிற வீட்டில் இலட்சுமி தங்கமாட்டாள் என்று நம்புகிற குடும்பம் எங்களுடையது. அப்படிப்பட்ட நான் ஒரே நேரத்தில் நாலு மேசையில் போக்கர் விளையாடினேன் என்றால், அதற்குக் காரணம் எங்கள் வீட்டுப் போன்.

வன்னியில் சண்டை முடிந்த வருடம் அது. மனைவியின் ஒரே தம்பி அங்கே அகப்பட்டிருந்தான். தை மாதம் ஒருதரம் கதைத்தான். பிறகு ஒன்றுமில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று ரீவியில் சொன்ன பிறகும், அவன் இருக்கிறானா இல்லையா என்று சொல்ல எங்களுக்கு ஆளில்லை. முகாமுக்கு வந்துசேர்ந்தவர்கள் யாருடைய கைத்தொலைபேசியையாவது வாங்கி ஒரு நிமிடம் கதைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அவனுக்குப் பாடமாகத் தெரிந்தது எங்கள் ரொறன்ரோ வீட்டு நம்பர் ஒன்றுதான். ஆகவே மனைவி சட்டம் போட்டாள்: எங்கள் போனை ஒருவரும் தொடக்கூடாது, எங்களுக்கு ஒருவரும் எடுக்கவும் கூடாது. அவன் எடுக்கிற நேரம் லைன் பிஸி என்றால் அந்த ஒரு நிமிடம் போனது போனதுதான். வீட்டுக்குச் சூடு வருகிற காற்றுக்குழாயைத் துப்புரவாக்க வரட்டுமா என்று வியாபாரத்துக்கு எடுத்த ஒருவனுக்கு அவள் கொடுத்த பேச்சில், அவன் அந்தத் தொழிலையே விட்டிருப்பான்.

தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தபோது குறைந்தவர்களில் நானும் ஒருவன். எனவே போனுக்குக் காவல் நான்.

பக்கத்து ஊரான பிக்கரிங்கில் இருக்கும் சகலனுக்கு, அதாவது மனைவியின் தங்கையின் புருஷனுக்கு, பின்னேர வேலை. காலையில் அவனும் அவளும் செய்தி கேட்கத் துடிப்பார்கள். போன் எடுக்க வழியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சாமித்தட்டுக்குக் கீழே இருந்த எங்கள் கொம்பியூட்டரில் பச்சை மேசை ஒன்றைத் திறந்தான்.

“அண்ணை, இதில கடதாசி விளையாடிக்கொண்டு எழுதிக் கதைக்கலாம். போன் லைனுக்கு ஒரு கரைச்சலும் இல்லை.”

“உது சூதல்லோ?” என்றாள் மனைவி.

“காசில்லை அக்கா. சும்மா விளையாட்டுப் புள்ளி. தோத்தா நாளைக்குத் திரும்பத் தருவாங்கள்.”

“அப்ப ரெண்டு பேரும் திருநீறு பூசிக்கொண்டு சத்தியம் பண்ணுங்கோ, காசு வைக்கிறேல்லை எண்டு.”

பண்ணினோம்.

எனக்குத் தெரிந்த கடதாசி விளையாட்டு முந்நூற்றிநாலு. ஒரு கடதாசியைத் துரும்பாக வைத்து, எதிரே இருப்பவனின் முகத்தைப் படித்து விளையாடுவது. போக்கரில் துரும்புமில்லை, கொம்பியூட்டரில் முகமுமில்லை. கையில் இரண்டு கடதாசி, நடுவில் ஐந்து. கை சரியில்லை என்றால் ‘ஃபோல்ட்’ என்ற பொத்தானை அமத்தி விலகிவிடவேண்டும். “பத்துத்தரத்தில எட்டுத்தரம் விலகவேணும் அண்ணை. விலகத் தெரிஞ்சவன்தான் விளையாட்டுக்காரன்” என்றான் சகலன்.

காலையில் மேசைக்கு வந்ததும் இங்கிலீசு எழுத்தில் தமிழை எழுதி, “செய்தி?” என்று கேட்பான். “இல்லை” என்று எழுதுவேன். பிறகு கடதாசி.

விலகுவதில்தான் எனக்குச் சிக்கல். விலகினால் அடுத்த கை வரும்வரை சும்மா இருக்கவேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்குள் மனம் வன்னிக்குப் போய் முகாமின் முட்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதனால் இரண்டாவது மேசையைத் திறந்தேன். அங்கேயும் விலகிவிட்டுச் சும்மா இருக்க நேர்ந்தது. மூன்றாவது. நாலாவதும் திறந்த பிறகுதான் மனதுக்கு வெளியே போக நேரமில்லாமற்போயிற்று.

ஆனால் எது எந்த மேசை என்று பிடிபடவில்லை. ஒன்றில் இரண்டு ராசாக்களை வைத்துக்கொண்டு, இன்னொன்றுக்கு அமத்தவேண்டிய ஃபோல்டை அதில் அமத்திவிடுவேன். தலைக்கு மேலே தட்டில் இருந்த சாமிப் படங்களைப் பார்த்தேன். மேலே இடப்பக்க மேசைக்கு முருகன், வலப்பக்கத்துக்கு அம்மன், கீழே சிவன், அவருக்குப் பக்கத்தில் பிள்ளையார் என்று பெயர் வைத்தேன். தடுமாற்றம் போய்விட்டது.

வேறொரு வில்லங்கம் வந்தது. காலையில் விளக்கேற்றி, “பிள்ளையாரப்பா, மச்சானைக் கைவிடாதே” என்று அழுதுவிட்டு, பத்து மணிக்கு நான் பிள்ளையாரின் மேசையைக் கைவிடுவதா? விரல் போகவில்லை. மற்ற மூவரும் பொறுப்பார்கள், மன்றாட்டு இவரிடமல்லவா? எந்தக் குப்பைக் கை வந்தாலும் அந்த மேசையில் நின்றேன். இப்படி ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்ததும், அந்த மேசைக்கு மட்டும் ஆட்கள் வரிசையில் காத்துக் கிடந்தார்கள்.

“அண்ணை, ரெண்டையும் ஏழையும் வச்சுக்கொண்டு என்னத்துக்கு நிக்கிறியள்?” என்று எழுதினான் சகலன்.

“பிள்ளையார் மேசையடா.”

“பிள்ளையாருக்கே சிரிப்பு வரும்.”

மனைவி முதலில் அகப்பையோடு ஏச வந்தாள். பிறகு அகப்பையோடு பார்க்க வந்தாள்.

“இஞ்சாருங்கோ, அம்மனில உங்கட முறை! முருகனில ராணி வந்திருக்கு, விடாதேங்கோ!”

“நீர் சூதெண்டல்லோ சொன்னனீர்?”

“நான் எங்க விளையாடுறன்? பாத்துச் சொல்லுறன், அவ்வளவுதான்.”

ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நாலு மேசையிலும் ஒரேயடியாக என் முறை வந்த நேரம் போன் அடித்தது. காற்றுக்குழாய்க்காரன்தான் என்று நினைத்து எடுத்தேன்.

“அத்தான், நான்.”

குரல் அடைத்துக் கிடந்தது. ஆனால் அவன்தான். “இஞ்சாரும், ஓடியாரும்” என்று கத்தியதுதான் தெரியும். பிட்டுக்குக் குழைத்த மாக் கையோடு வந்து போனை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“கை கால் சுகமா இருக்கிறியே? சாப்பிட்டியே? பொய் சொல்லாதை, சாப்பிட்டியே?”

அவன் என்னைப் பற்றிக் கேட்டிருக்கவேண்டும். திரும்பி என்னைப் பார்த்தாள். சிவப்பாக மின்னிக்கொண்டிருந்த நாலு மேசையையும் பார்த்தாள். மேலே தட்டையும் பார்த்தாள்.

“அத்தானோ? சாமிக்கு முன்னாலதான் இருக்கிறார். உன்ர செய்தி இல்லாமப்போன நாளில இருந்து அவர் அதில இருந்து எழும்பேல்லை.”

லைன் அறுந்தது. அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். போனில் மா அப்பியிருந்தது.

சகலனுக்குச் சொல்லவேண்டும். அவன் எந்த மேசையில் இருக்கிறான் என்று பார்க்கக் கண் தெரியவில்லை, கண்ணீர். நாலிலும் எழுதினேன்: “தம்பி இருக்கிறான். கதைச்சவன்.” முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் அந்தச் செய்தி போயிற்று.

என் முறைக்குத் தந்த நேரம் முடிந்து நாலு மேசையும் என்னைத் தாமாகவே விலக்கியிருந்தன, பிள்ளையாருடையதும்தான். அங்கே எவனோ ஒருவன் இங்கிலீசில் எழுதியிருந்தான்: ‘நீ விலகி நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். சுகமாக இருக்கிறாயா?’

‘யெஸ் சேர், வெரி குட்’ என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் எழுதினேன்.

சகலனிடமிருந்து பதில் வரவில்லை. முருகன் மேசையில் அவனுடைய கதிரை வெறுமையாகிவிட்டது. சற்று நேரத்தில் எங்கள் போன் அடித்தது, பிக்கரிங் நம்பர். மனைவி ஏசவில்லை. மாக் கையாலேயே எடுத்தாள். அக்காவும் தங்கையும் ஒரு சொல்லும் இல்லாமல் அழுதார்கள். லைன் பிஸியாகவே கிடந்தது.

நான் மேசைகளை ஒவ்வொன்றாக மூடினேன். பிள்ளையாரைக் கடைசியாக, கும்பிட்டுவிட்டு மூடினேன்.