மோட்டார் ரூம் சாவி

என் கூடப்பிறவாத சொந்தங்களே, ஆண்டவர் எனக்குச் சமாதானம் கொடுத்த கதையைச் சொல்கிறேன். கேட்க இனிப்பாக இருக்காது. என் வண்டவாளமும் சேர்ந்தே வரும்.

2003-ஆம் வருஷத்துக் கோடை. வடமதுரைப் பக்கம் எங்களுக்கும் என் கொழுந்தனாருக்கும் ஒரே கிணறு. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. மழை பொய்த்ததில் ஒரு மணி நேரம் இறைத்தாலே கிணறு சேறு கக்கியது. என் வெங்காயம் வாடியது. மோட்டார் ரூம் சாவி என் இடுப்பில் இருந்தது.

கொழுந்தனார் மனைவி ஜெயமேரி சாவி கேட்டு வந்தால், "இன்னும் தண்ணி ஊறலடி, நாளைக்குப் பாப்போம்" என்று திருப்பி அனுப்புவேன். அவள் முறையன்று ஊறியதையும் மறுநாள் நானே இறைத்துக்கொள்வேன். இப்படியே ஒரு மாதம். அவள் மல்லிகைத் தோட்டம் பாதிக்கு மேல் விறகாகிவிட்டது. கொழுந்தனார் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போய்விட்டார்.

அவர் போன அன்றைக்கு ஜெயமேரி கிணற்றுமேட்டில் நின்று என்னைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். "நீங்க நல்லாவா இருப்பீங்க?" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வெங்காயம் செழித்தது, நான் துரும்பானேன். ஒன்பது செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோவிலில் முழந்தாளிட்டு அழுதேன். "இப்படிச் சபிச்சுட்டாளே சாமி, எனக்குச் சமாதானம் குடுங்க" என்றுதான் வேண்டினேன். என் தப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவியும் என்னோடு கோவிலுக்கு வந்து போனது.

அடுத்த ஞாயிறு. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. எனக்குப் பின்வரிசையில் ஜெயமேரி. நான்தான் பெரிய மனசுக்காரி ஆயிற்றே! நாலு பேர் பார்க்கட்டும் என்று திரும்பி, அவளுக்குக் கைகூப்பினேன்.

அவள் கூப்பவில்லை.

"கும்பிடு எனக்கெதுக்குக்கா? எம் மொறைத் தண்ணிய விடுங்க" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. நற்கருணை வாங்க வரிசை நகர்ந்தபோது நான் அதில் சேரவில்லை. உட்கார்ந்தே அழுதேன். ஒன்பது வாரமாக நான் கேட்டதற்கு ஆண்டவர் அவள் வாயால் பதில் சொல்லிவிட்டார் என்று அப்போதுதான் உறைத்தது. பாவி மகள், கேட்டதை நானே இடுப்பில் பூட்டி வைத்திருந்தேன்.

பூசை முடிந்து நேராக அவள் வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கொடுத்தேன். "என் தப்புதான்டி. இனிமே சாவி உங்கிட்டயே இருக்கட்டும். ஒரு மாசத்துக்கு எங்க மொறையும் உனக்குத்தான்" என்றேன். வாங்கிக்கொண்டாள், உட்காரச் சொல்லவில்லை. வீட்டில் என் வீட்டுக்காரர், "வெங்காயம் என்னாகுறது, கிறுக்கச்சி?" என்று குதித்தார். "காஞ்சா காயட்டும்" என்றேன். கடைசிப் பாத்திகள் காயத்தான் செய்தன. ஆனால் அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கியது.

பட்டுப்போன மல்லிகை துளிர்க்கவில்லை. கொழுந்தனார் தோட்டத்துக்குத் திரும்பவே இல்லை. அதை எந்த ஜெபமும் சரிசெய்யவில்லை, நான் செய்தது செய்ததுதான். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு, ஜெயமேரி முந்திக்கொண்டு எனக்குக் கைகூப்பினாள். சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் போதும், ஆண்டவருக்கு நன்றி.

நீங்களும் அவரிடம் கேளுங்கள், கட்டாயம் கொடுப்பார். ஆனால் கைகூப்பும் முன், யார் வீட்டுச் சாவி உங்கள் இடுப்பில் இருக்கிறது என்று ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.