லேத் கூடத்தில் பச்சை நாடா

ஓய்வுபெற்ற அதிகாரிகளை மதிப்பீட்டுக்கு அனுப்புவதில் அரசுக்கு ஒரு வசதி உண்டு. நாங்கள் பதவி உயர்வு கேட்க மாட்டோம். பயணப்படி மட்டுமே கேட்போம். அப்படித்தான் ஒரு காலையில் விழுப்புரத்தில் பேருந்து ஏறி, திண்டிவனத்துக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் போய் இறங்கினேன். சிறுபான்மை மாணவர்களுக்கான உதவித் திட்டம் ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்தது. கணக்குக்குத் தனி வகுப்பு, ஆய்வகத்தில் கூடுதல் நேரம், பட்டறைக்குப் புது லேத் இயந்திரங்கள். இதனால் யாராவது உருப்பட்டார்களா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

பயனாளிகள் எளிதில் அடையாளம் காணத்தக்கவர்களாக இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. எழுதியவர் வருகைப் பட்டியலை நினைத்து எழுதியிருப்பார். கல்லூரி அதைக் கழுத்தில் மாட்டிவிட்டது. மற்றவர்களின் அடையாள அட்டைக்கு நீல நாடா, இவர்களுக்குப் பச்சை. ஏன் பச்சை என்று முதல்வரைக் கேட்டேன்.

"கடையில அதான் சார் ஸ்டாக் இருந்துச்சு" என்றார். நம்பினேன். யோசித்துச் செய்திருந்தால் இவ்வளவு துல்லியமாக அமையாது.

பட்டறைக்குப் போனபோது புது லேத்தில் கோட்டக்குப்பத்து மாணவன் ஒருவன் நின்றிருந்தான். இறுதியாண்டு. புராஜெக்ட்டுக்காக ஒரு இரும்புத் தண்டைக் கடைந்துகொண்டிருந்தான். கழுத்தில் பச்சை நாடா தொங்கியது. சுவரில், கழுத்தில் எதையும் தொங்கவிட்டு இயந்திரத்தருகே வராதே என்று பெரிய எழுத்தில் பலகை இருந்தது. அவன் பின்னால் நீல நாடாக்காரர்கள் நான்கைந்து பேர், தங்கள் நாடாவைச் சட்டைக்குள் ஒழுங்காகச் செருகிக்கொண்டு, காத்திருந்தார்கள். புது இயந்திரத்தில் பச்சைக்குத்தான் முதல் உரிமை. பழைய இயந்திரங்கள் ஓடுவதில்லை.

"இன்னாடா, இன்னும் எவ்ளோ நேரம்? உன் மாமியார் வூட்டு சீர்வரிசையா இது?" என்றான் பின்னால் நின்றவன்.

"ஃபினிஷிங் கட்டிங் போயிக்கினு இருக்குது. ரெண்டு நிமிஷம் நில்லுடா."

"கார்டையும் சேத்துக் கடைஞ்சிக்கடா. சைஸா வரும்."

சொல்லிக்கொண்டே அவன் அட்டையைப் பிடித்து, தண்டைக் கவ்விச் சுழலும் சக்கின் பக்கம் வீசினான். வேடிக்கை என்றுதான் நினைத்திருப்பான். நாடா சக்கின் தாடையில் மாட்டியது. மாணவனின் தலை ஒரே இழுப்பில் கீழே போனது. இரண்டு கைகளையும் இயந்திரத்தின் படுகையில் ஊன்றிக்கொண்டான். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. கன்னம் வெட்டுளியில் உரசித் தோல் சுருண்டது. அவன் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை இயந்திரத்தின் சத்தம் என்றே முதலில் நினைத்தேன். பட்டறை ஆசிரியர் ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அடிப்பதற்குள் நாடா அறுந்தது.

அவன் நிமிர்ந்தான். கழுத்தைச் சுற்றி நாடாவின் அகலத்துக்குச் சதை தெரிந்தது. இயந்திரத்தின் மேலே கிடந்த, சக்கை முடுக்கும் சாவியை எடுத்தான். கைக்கு அடக்கமான இரும்பு. திரும்பி, அட்டையை வீசியவன் தாடையில் ஒரே அடி. எலும்பு உடைந்தது எல்லோருக்கும் கேட்டது. பற்கள் எண்ணெய்த் தட்டில், இரும்புச் சுருள்களுக்கு நடுவே விழுந்தன. இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியபோது ஆசிரியர் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

தாடை உடைந்தவனின் தகப்பனார் கல்லூரிக்கு நிலம் விற்றவர். அன்று மாலையே முடிவாயிற்று: பச்சை நாடாக்காரனுக்கு டி.சி. போலீசுக்குப் போனால் யார் முதலில் வீசியது என்ற கேள்வி வரும் என்பதால் போலீஸ் வேண்டாம்.

பச்சை நாடாக்காரனின் அம்மா அரசு மருத்துவமனையிலிருந்து மகனோடு நேராக வந்து முதல்வர் அறை வாசலில் நின்றார். புர்காவின் முன்பக்கம் மகனின் ரத்தம் காய்ந்திருந்தது.

"கடைசி வருசங்க. அவங்க அத்தா சவூதியில இருக்காரு, இடுப்பு போயிருச்சு. இவன் படிப்ப முடிச்சாதான் அவரு ஊருக்கு வர முடியும். இந்நேரத்துல வெளிய போன்னா வேற எந்த காலேஜ்ல சேத்துப்பாங்க?"

மகன் கழுத்துக் கட்டோடு என்னைப் பார்த்தான். "பட்டறைக்குள்ள நாடாவ கழட்டி பாக்கெட்லதான் வெச்சிக்குவேன் சார். நீங்க வர்றீங்கன்னு இன்னைக்கு மாட்டிக்கினே இருக்கச் சொன்னாங்க."

பையிலிருந்த திட்ட விதிகளைப் புரட்டினேன். வேறொரு விதி இருந்தது. மதிப்பீடு தொடங்கிய நாளிலிருந்து அறிக்கை ஏற்கப்படும் வரை எந்தப் பயனாளியின் பெயரையும் நீக்கக் கூடாது. தேறாத மாணவர்களைக் கடைசி நேரத்தில் கழித்துக் கட்டும் கல்லூரிகளுக்காகப் போட்ட விதி. மீறினால் அடுத்த தவணைப் பணம் வராது. உள்ளே போய் அதை முதல்வரிடம் வாசித்துக் காட்டினேன்.

"சார், இது டிசிப்ளின் மேட்டர். ஸ்கீமுக்கு சம்பந்தமில்ல."

"நீக்கினால் ஸ்கீமுக்குச் சம்பந்தம் வந்துவிடும்."

"சரி, ரிப்போர்ட்ட எப்ப குடுப்பீங்க?"

"விளக்கங்கள் கேட்க வேண்டியிருக்கிறது" என்றேன்.

கேட்டேன். நாடாவின் கொள்முதல் குறித்து விளக்கம். அது போதாமல் கூடுதல் விளக்கம். பழைய லேத்துகள் ஓடாததன் காரணம். காரணத்துக்கான ஆதாரம். பணியிலிருந்த காலத்தில் இப்படிக் கோப்புகளைக் கிடப்பில் போடும் பேர்வழிகள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய திறமையை அப்போது மதிக்கத் தவறிவிட்டேன்.

ஆனால் விதியின் கை கல்லூரிக் கதவோடு முடிந்துவிடும். தேர்வுக்கு முந்தைய வாரம் திண்டிவனம் பேருந்து நிலையத்தில், பட்டப்பகலில், தாடை உடைந்தவனின் கூட்டாளிகள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். ஹெல்மெட்டால் அடித்தார்கள். விழுந்தவனின் விலாவில் மாறி மாறி உதைத்தார்கள். மல்லாட்டை என்று கூவி வேர்க்கடலை விற்கும் அம்மாள் தராசுத் தட்டோடு பாய்ந்து ஒருவன் முழங்கையைப் பிளந்த பிறகுதான் விட்டார்கள். பேருந்துக்கு நின்றிருந்த மற்றவர்கள் பேருந்துக்கே நின்றார்கள்.

முதல்வருக்கு ஃபோன் செய்தேன்.

"வெளிய நடக்கறதுக்கு நாங்க பொறுப்பில்ல சார். எனக்கும் இது பெரிய பேஜாராப் போச்சு."

பயனாளிகளின் பயணப் பாதுகாப்பு குறித்து விளக்கம் தருக என்று மறுநாளே எழுதினேன். அவர் பதில் எழுத எடுத்துக்கொண்ட காலம் தேர்வு முடியப் போதுமானதாக இருந்தது. உடைந்த விலாவில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு தேர்வுக்கும் அம்மாவோடு ஆட்டோவில் போய் எழுதினான். ஹெல்மெட் அடியில் ஒரு காது சரியாகக் கேட்காததால், கண்காணிப்பாளர் நேரம் சொல்லும்போதெல்லாம் பக்கத்து மேசைக்காரன் என்ன செய்கிறான் என்று பார்த்துத் தெரிந்துகொண்டானாம்.

தேர்வு முடிவு வந்த அன்று, நான் மருந்துக் கடையில் நிற்கும்போது அவன் அம்மா ஃபோன் செய்தார்.

"எல்லாத்துலயும் பாஸாயிட்டான் சார். இனிமே நீங்க அந்த ரிப்போர்ட்ட குடுத்துடுங்க. அவங்க தாராளமா நீக்கிக்கட்டும்."