பம்பரம் ஹார்டு டிஸ்க் மாற்றிய கதை

தெருவில் அவளைப் பம்பரம் என்றுதான் சொல்வார்கள். எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் "சரி சரி, புரிஞ்சுபோச்சு" என்று நாலடி தள்ளிப் போயிருப்பாள். அவள் புருஷன் பஸ் டிரைவர். சிக்னலில் நின்று நின்று நிதானம் பழகிய மனுஷன். "ரோட்டுல எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல, வீட்டுக்குப் போனாதான் டிராபிக்" என்று டிப்போவில் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரே மகன் கப்பலில் வேலைக்குப் போய்விட்டான். அம்மாவிடமிருந்து தப்பிக்கத்தான் அவ்வளவு தூரம் போனான் என்று வீட்டில் ஒரு கேலி உண்டு.

கல்யாணத்துக்கு முன்பு அவள் ஒரு துணிக் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். தன் பங்கை முடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவளின் காலர்களையும் இழுத்துப் போட்டுத் தைப்பாள். யார் எவ்வளவு தைத்தார்கள் என்றே தெரியாமல் போனதில் சூப்பர்வைசர் வெறுத்துப்போய் அவளை எம்பிராய்டரி மெஷின் பக்கம் மாற்றினார். கம்ப்யூட்டரில் படத்தை வரைந்து கொடுத்தால், ஊசி தானாகவே துணியில் தைத்துத் தள்ளும் மெஷின் அது. தன்னைவிட வேகமான ஒன்றை அவள் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். பிறகு கம்பெனி மூடியபோது, அந்த மெஷின்களில் ஒன்றையும் அதோடு ஒட்டிப் பிறந்தது போல நின்ற கம்ப்யூட்டரையும் ஏலத்தில் எடுத்து வந்து வீட்டு முன்னறையில் வைத்தாள்.

பள்ளிக்கூடச் சீருடையின் பாக்கெட்டில் வரும் சின்னம், செக்யூரிட்டிக்காரர்களின் தோள்பட்டையில் வரும் கழுகு, ஆஸ்பத்திரி நர்சுகளின் கோட்டில் வரும் பெயர் எல்லாம் அந்த அறையில்தான் தயாராகும். ஒவ்வொன்றையும் அவளே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, இந்த இறக்கைக்குத் தையல் சாய்வாகப் போக வேண்டும், இந்த எழுத்துக்குக் குறுக்காகப் போக வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வரைந்தவை. இத்தனை வருஷத்துப் படங்களும் அந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள்தான் கிடந்தன.

அவளுக்குத் துணை நாத்தனார். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாடி அறையில் இருந்தவள். மெஷினிலிருந்து வரும் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்குவது அவள் வேலை. நறுக்குகிற மாதிரியே பேசுவாள். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் இருந்தால் அதிகம். இந்த இரண்டு பேரும் ஒரே அறையில் சண்டை போடாமல் இருந்தது தெருவுக்கே ஆச்சரியம்.

பள்ளிக்கூடம் திறக்கக் கொஞ்ச நாளே இருந்தபோது பெட்டிக்குள் டிக் டிக் என்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் பல்லி என்று நினைத்தார்கள். பிறகு படம் திறக்கத் திணறியது, திறந்தது பாதியில் நின்றது, ஒருநாள் திரை நீலமாகி அப்படியே உறைந்துபோனது. வழக்கமாக வரும் மெக்கானிக் போனிலேயே சொல்லிவிட்டான்.

"ஹார்டு டிஸ்க் போகப்போகுதுக்கா. மாத்தி, சிஸ்டத்தைப் புதுசா ஏத்தணும். நாளைக்கு வர்றேன்."

அந்த நாளை வரவே இல்லை. மறுநாளும் "நாளைக்கு" என்றான். அவள் அறைக்கும் வாசலுக்கும் நடந்தாள். நூல் கண்டுகளை நிறவாரியாக அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். டிக் சத்தம் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள். மூன்றாவது "நாளைக்கு" காதில் விழுந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடைக்குப் போய்விட்டாள்.

கடைக்காரர் பொறுமையானவர். புது டிஸ்க்கை எடுத்துக் காட்டி, சிஸ்டம் ஏற்றுவதற்கான பென் டிரைவையும் கொடுத்து, எந்த வயரை எங்கே செருக வேண்டும் என்று விளக்கினார். "இன்னொரு விஷயம்மா, பழசோட ஒப்பிட்டா இது..." என்று அவர் தொடங்கியபோது, "சரி சரி, புரிஞ்சுபோச்சு" என்று அவள் ஆட்டோவில் ஏறியிருந்தாள்.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் உள்ளே ஒரு பஞ்சு மெத்தை அளவுக்குத் தூசி. மெஷினைத் துடைக்கும் பிரஷ்ஷால் இருவரும் தட்டித் தட்டி எடுத்தார்கள். பழைய டிஸ்க் செங்கல் துண்டு போலக் கனத்தது. புதியது பிஸ்கட் பாக்கெட்டைவிட மெலிசு.

"முதல்ல டிசைனையெல்லாம் பென் டிரைவ்ல எடுத்து வெச்சுக்கலாமே அண்ணி" என்றாள் நாத்தனார்.

"முயற்சி பண்ணலையா நானு? ஒரு பூ காப்பி ஆகுறதுக்குள்ள கையாலயே ஒரு தோட்டம் தெச்சிடலாம். ரெண்டையும் மாட்டுவோம். புதுசுல சிஸ்டம் ஏறட்டும். அப்புறம் பழசுல இருந்து சாவகாசமா எடுத்துக்கலாம்."

யோசனை ஒன்றும் தப்பில்லை. சாவகாசம் என்ற சொல்தான் அவள் வாய்க்குப் பொருந்தவில்லை.

இரண்டையும் வயரில் மாட்டி, பென் டிரைவைச் செருகி, பெட்டி கிளம்பும் நேரத்தில் ஒரு பட்டனை விடாமல் தட்ட வேண்டும். அது அவளுக்கென்றே செய்த வேலை. தட்டிய தட்டில் கீபோர்டு மேஜையில் நகர்ந்தது. திரையில் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன, அவள் படிக்காமலே தாண்டினாள். எந்த டிஸ்க்கில் ஏற்றுவது என்று கேட்ட இடத்தில் நாத்தனார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள்.

"ரெண்டு காட்டுது அண்ணி. ஒண்ணுல இடம் பெருசு, ஒண்ணுல சின்னது."

"பெருசுதான் புதுசு. இந்தக் காலத்துல சின்னதா எவன் செய்றான்?"

"கடைக்காரருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே."

"அவரு போனை எடுத்து, யாருன்னு கேட்டு, சௌக்கியம் விசாரிச்சு..."

பேசிக்கொண்டே பெரியதைத் தொட்டு, அழி என்று கொடுத்தாள். எல்லாம் போய்விடும், சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதம் என்றாள். நாத்தனாரின் கத்தரி மடியிலிருந்து தரையில் விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

சிஸ்டம் ஏறத் தொடங்கியது. சதவீதம் நத்தையாக நகர்ந்தது. அவள் அறையைப் பெருக்கினாள். மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். திரும்பி வந்து பார்த்தாள், எண் அப்படியே இருந்தது. குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தாள். வந்து பார்த்தாள். மறுபடி வாசலுக்குப் போனவள், உள்ளேயிருந்து டிக் டிக் என்று கேட்டு நின்றாள். முன்னைவிட உரக்கக் கேட்டது.

"பழசு ஏன் கத்துது? வேலை நடக்கிறது புதுசுலதானே?"

நாத்தனார் பழைய டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கொதித்துக்கொண்டு நடுங்கியது. பிறகு புதியதைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. அண்ணியின் கையைப் பிடித்து இரண்டின் மேலும் ஒவ்வொன்றாக வைத்தாள். அந்த நேரத்தில் திரையும் ஏதோ பிழை என்று அறிவித்துவிட்டு நின்றது.

கடைக்காரர் போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நான் அதைத்தாம்மா சொல்ல வந்தேன். இதுல இடம் சின்னது, ஆனா வேகம் ஜாஸ்தின்னு. நீங்க ஆட்டோ ஏறிட்டீங்க."

"அழிச்சதை எடுக்க முடியுமா?"

"நல்ல டிஸ்க்கா இருந்தா எடுத்துடலாம். இது ஏற்கனவே சாகக் கிடந்தது. அது மேலயே வேற புதுசா எழுத வெச்சிருக்கீங்க. வெளியூர்ல ஒரு இடம் இருக்கு, அனுப்பிப் பாக்கலாம். ஆனா நான் நம்பிக்கை குடுக்க மாட்டேன்."

அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் கேட்டாள். அவர் போனை வைத்த பிறகும் அவள் காதில் வைத்தபடியே நின்றாள்.

சரியான டிஸ்க்கில் சிஸ்டத்தை ஏற்றியது நாத்தனார்தான். ஒவ்வொரு கேள்வியையும் உதடு அசையப் படித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள். எம்பிராய்டரி சாப்ட்வேர் சிடி கீறல் விழுந்து கிடந்தது, புடவைத் தலைப்பால் துடைத்ததும் ஏறிவிட்டது. மெஷினின் வயரைச் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. எல்லாம் சரியாக வேலை செய்தது. தைக்கத்தான் ஒரு படமும் இல்லை.

அப்போதுதான் பம்பரத்துக்குக் கோபம் வந்தது. "தப்புன்னு தோணிச்சுல்ல உனக்கு? ஏன் என் கையைப் பிடிச்சு நிறுத்தல?"

"உங்க கையை யாரால பிடிக்க முடியும் அண்ணி?" என்று சொல்லிவிட்டு நாத்தனார் கத்தரியைப் பொறுக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

டிரைவர் வேலை முடிந்து வந்தார். மனைவியின் முகத்தையும் திறந்து கிடந்த பெட்டியையும் பார்த்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். "நான் ஏதாவது பண்ணணுமா?"

"வழியில நிக்காதீங்க, அது போதும்."

அவர் ஒதுங்கிச் சுவரோரம் உட்கார்ந்தார். அவள் நடந்தாள். தைத்துப் பார்த்த மாதிரித் துணியாவது இருந்தால் அதைப் பார்த்து வரைந்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு படத்தையும் முதலில் வெள்ளைத் துணியில் தைத்துப் பார்த்துவிட்டு, சரியாக வந்ததும் அந்தத் துணியைக் குப்பைக் கூடையில் எறிந்துவிடுவது அவள் வழக்கம். எதுவும் அடைசலாகக் கிடந்தால் அவளுக்கு மூச்சு முட்டும். தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொண்டது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

மாடிப்படியில் காலடி கேட்டது. நாத்தனார் தன் தலையணையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"தலையணை எதுக்கு? இங்க படுக்கவா போற?"

"நீங்க எறிஞ்ச துணியெல்லாம் இதுக்குள்ளதான் அண்ணி இருக்கு. பஞ்சு வாங்க வேண்டாமேன்னு அடைச்சேன்."

கத்தரியால் ஓரத்தைப் பிரித்து உதறினாள். தரை முழுக்கச் சின்னங்கள் விழுந்தன. விரித்த புத்தகம், கலங்கரை விளக்கம், ரெட்டைக் கிளி, ஒரு குதிரையின் பின்பாதி. எல்லாம் கசங்கி, தலை எண்ணெய் ஏறி மஞ்சளாகியிருந்தன.

"காலையில கழுத்து வலிச்சா நினைச்சுக்குவேன், ராத்திரி எந்த ஸ்கூல் மேல படுத்தோமோன்னு" என்றாள் நாத்தனார். சுவரோரம் இருந்த டிரைவர்தான் முதலில் சிரித்தார். பம்பரம் தரையில் மண்டியிட்டு, ஒவ்வொரு துணியையும் முழங்காலில் வைத்து நீவினாள். நீவிக்கொண்டே அழுதாள். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து துணிகளைப் பிரித்து அடுக்கினாள். கையைப் பிடித்து நிறுத்தாத பேச்சை இருவருமே அப்புறம் எடுக்கவில்லை.

பள்ளிக்கூடச் சின்னங்கள் எல்லாம் கிடைத்துவிட்டன. கழுகு கிடைக்கவில்லை, ஆஸ்பத்திரிப் பெயரும் கிடைக்கவில்லை. மறுநாள் காலையிலேயே ஒரு கிடங்கு வாசலில் காவலுக்கு இருந்த செக்யூரிட்டிக்காரர் முன்னால் பம்பரம் போய் நின்றாள்.

"அண்ணே, சட்டையைக் கழட்டுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "என்னம்மா இது, டியூட்டியில இருக்கேன்."

"உங்க தோள்ல இருக்கிற கழுகு வேணும். நான் தெச்சதுதான். இப்போ என்கிட்ட இல்ல."

சட்டையைக் கழற்றினால் வேலை போய்விடும் என்றார். கடைசியில் அவர் ஸ்டூலில் உட்கார, அவள் மெல்லிய தாளை அவர் தோளில் ஒட்டி, லென்ஸை வைத்துப் பார்த்துப் பார்த்துப் பென்சிலால் வரைந்தாள். அலகு முடிந்து கழுத்துக்கு வரும்போது லாரி வந்தது. அவர் எழுந்து கேட்டைத் திறக்கப் போனார். அவளும் தோளைப் பிடித்துக்கொண்டே கூடப் போனாள். லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டி, "என்னண்ணே, ஊசி போடுறாங்களா?" என்று கேட்டான்.

"பேசாம போப்பா, கழுகு ஆடுது" என்றார் செக்யூரிட்டி.

அதன் பிறகு வந்த நாட்களை அவள் கம்ப்யூட்டர் முன் நாற்காலியில் உட்கார்ந்து, படங்களை மறுபடி வரைந்தே கழித்தாள். கால் மட்டும் மேஜைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு படம் முடிந்ததும் நாத்தனார் வந்து, "கொஞ்சம் கையை எடுங்க அண்ணி" என்று சொல்லி அதைப் பென் டிரைவில் காப்பி செய்து மாடிக்கு எடுத்துப் போய்விடுவாள். காப்பி ஆகும்வரை பம்பரம் கைகளைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நிற்பாள்.

ஆனாலும் பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் சின்னங்களைக் கொடுக்க முடிந்தது. பிள்ளைகள் முதல் வாரம் வெறும் பாக்கெட்டோடு வந்தார்கள் என்று தலைமை ஆசிரியை கோபித்துக்கொண்டார். பம்பரம் சாக்குச் சொல்லவில்லை. அடுத்த வருஷமும் வேலை கொடுப்பதாக அவர் சொன்னார், ஆனால் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் காத்திருக்கவில்லை. கடைத்தெருவில் புதிதாக வந்த எம்பிராய்டரிக் கடைக்கு மாறிவிட்டார்கள்.

ஒரு மத்தியானம் அந்தக் கடையைத் தாண்டிப் போனாள். ஆஸ்பத்திரிக் கோட்டுகள் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகத் தொங்கின. நீல எழுத்துகளின் ஓரத்தில் கீழ்நூலின் வெள்ளை எட்டிப் பார்த்தது. தாண்டிப் போனவள் திரும்பி வந்தாள். மறுபடி தாண்டினாள். கடைசியில் உள்ளே போய்விட்டாள்.

"கீழ்நூல் மேல வந்து நிக்குது தம்பி. அந்த நூல் சுத்தின பாபின் லூசா இருக்கு, இறுக்குங்க."

கடைக்காரன் நிமிர்ந்து பார்த்தான். "எந்தப் பக்கம் திருப்பணும்கா?"

அவள் பையைத் தரையில் வைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவர் கேட்டாள்.